சாப்பாட்டு நேரத்து டிவி

கண்ணுகளா, துடியலூர் வீட்டை ஏன் விட்டோம் என்று நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், மாடியில் நல்ல காற்று, கைக்கு எட்டுகிற மாதிரி கொய்யா மரம், பிறகு ஏன் என்று. வீட்டுக்காரர்களுக்கு வீடு வேண்டுமாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் அதுவல்ல. நான் பத்தாவதோடு நின்றவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவனுக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

டிவியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவோம். செய்தி ஓடினாலும் சரி, சோப்பு விளம்பரம் ஓடினாலும் சரி. எங்கள் அப்பா காலத்தில் ரேடியோ. அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் நாம் நம் தெலுங்கைப் பேசுவோம். வெளியே தமிழ், உள்ளே டிவி ஓடினால் தெலுங்கு. பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துத் தெருவில் உன் சிநேகிதி வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் நீ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாய். "ஏங்கண்ணு, சாப்பிடறப்ப எதுக்கு இத்தனை சத்தம்?" என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். "அப்பத்தானுங்க ஆன்ட்டி பேச முடியும்" என்று நீ சொன்னாய். அவர் அதைப் பெரிய வேடிக்கையாக உன் அம்மாவிடம் வந்து சொன்னார். உன் அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தெலுங்கு பேசுவதில் என்ன ஒளிவு என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கோயமுத்தூரில் கடைக்காரர், தோட்டக்காரர், மில்லுக்காரர் என்று எத்தனையோ பேர் வீட்டில் தெலுங்குதான். நம் வீட்டுக்காரர்களும் அப்படித்தான். கீழே அவர்கள் தெலுங்கு பேசுவார்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்றுகொண்டு, போனில் ஊருக்கே கேட்கிற மாதிரி. ஆனால் அவர்கள் தெலுங்கு வேறு, நம் தெலுங்கு வேறு. இரண்டு வார்த்தை கேட்டால் போதும், எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அதற்கப்புறம் வீடு கிடையாது. நான் வீடு தேடி அலைந்தபோது இதை யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. "நேத்துத்தானுங்க இன்னொருத்தருக்குச் சொல்லிப்போட்டோம்" என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது.

துடியலூரில் முதல் நாள் வீட்டுக்கார ஐயா கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"போத்தனூருங்க."

"ஓ, ரயில்வேக்காரங்களா?"

நான் சிரித்தேன். சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நாங்கள் தமிழ்க்காரர்கள், தெலுங்கு தெரியாதவர்கள் என்று.

அதில் ஒரு கஷ்டம் வந்து சேர்ந்தது. நமக்குப் புரியாது என்று நினைத்து அவர்கள் நம்மை வைத்துக்கொண்டே பேசுவார்கள். நான் முன்னால் நிற்பேன். வீட்டுக்கார அம்மா என்னிடம் தமிழில் "சாப்டீங்களா தம்பி" என்று கேட்டுவிட்டு, ஐயா பக்கம் திரும்பித் தெலுங்கில், "ஆளு நல்லவந்தான், என்ன ஆளுங்கன்னுதான் பிடிபடல" என்பார். நான் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வது இருக்கிறதே, அது காயில் கட்டுவதைவிடச் சிரமமான வேலை. சின்னவனே, ஒரு தடவை ஐயா தெலுங்கில் ஏதோ நையாண்டி செய்ய, நீ களுக்கென்று சிரித்துவிட்டாய். நான் உன் தொடையைக் கிள்ளினேன். நீ அழுதாய். அழுகை சிரிப்பை மறைத்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு காலையில் சமையலறையில் நின்றிருந்தேன். அந்த அறையின் ஜன்னல் அவர்கள் புழக்கடையைப் பார்த்திருக்கும். அதை நாம் எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். சாத்திய ஜன்னல் வழியாகவும் அந்த அம்மாவின் குரல் கேட்டது. இடது கை வலி இன்னும் இருக்கிறதா, மாடிப் பையனைக் கூப்பிடட்டுமா என்று தெலுங்கில் கேட்கிறார். வேண்டாம், பொண்ணுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்கிறார் ஐயா. குரலே சரியில்லை. நான் என்ன செய்வது? தெரியாத பாஷை எனக்கு எப்படிப் புரியும்? வேலைக்குப் போவதுபோல் பைக் சாவியை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். "ஏனுங்கய்யா, முகமெல்லாம் வேர்த்திருக்குதுங்களே, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்தர்லாமுங்களா" என்றேன். அன்று டாக்டர், நெஞ்சு வலிதான் என்று ஐயாவை அங்கேயே படுக்கவைத்துவிட்டார். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். அதற்கப்புறம் அந்த அம்மா எல்லோரிடமும், "மாடித் தம்பி மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் அத்தை. என் தங்கை செய்வது நாடகமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஓரிடத்தில் தன் உடம்பை வைத்து ஏதாவது ஒரு காரியம் செய்வாள், சனங்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். நாம் யார், எங்கிருந்து வந்தோம், எதை மறைத்துக்கொண்டு திரிகிறோம் என்பதெல்லாம் அதில் வரும். எனக்கு அது பாதிதான் புரியும். அவள் அந்தத் துடியலூர் வீட்டுப் படி ஏறியதே இல்லை. "டிவி சத்தத்துல எனக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டாள். உங்கள் பாட்டி இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நம் பழைய தெருவுக்குத்தான் கொண்டுபோனோம். அங்கேதான் வாய்விட்டு அழ முடியும். இழவு வீட்டில் டிவி போட முடியாதல்லவா. அத்தை அப்போது என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் போன் செய்தாள். நாங்கள் பேசியது தெலுங்கில். நம் பேச்சை எழுத எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும், அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

"அண்ணா, நம்மூர்ல பண்றேன், வர்றியா?"

"என்ன பாப்பா பண்ணப்போற?"

"நிப்பேன்."

"நிக்கறதுக்கா உன்னைக் கூப்பிடறாங்க?"

"நிக்கறது லேசுன்னு நெனச்சுட்டியா?" என்று சிரித்தாள். பிறகு விவரம் சொன்னாள். கையில் சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். அவள் வீட்டில் அவளை எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவார்களோ, அப்படி யாராவது கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுவாள். கூப்பிடாவிட்டால் நிற்பாள். "மத்த ஊர்லெல்லாம் பூட்டற வரைக்கும் நின்னுட்டுத் திரும்பிட்டேன். அங்க யாருக்குத் தெரியும்? அம்மாவும் போயாச்சு. தெரிஞ்ச ஆளு இனி ஒருத்தன்தான்."

"பாப்பா, எனக்கு ஊடு இருக்குது, புள்ளைங்க ஸ்கூல் இருக்குது…"

"நான் வான்னு மட்டுந்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

தனியாகப் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். நீங்கள் அன்று அம்மாவோடு ஆனைமலை கோயிலுக்குப் போயிருந்தீர்கள். சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினால், வீட்டுக்கார அம்மா பட்டுச் சேலையில் நிற்கிறார்.

"நீங்களும் வாங்க தம்பி, கார்ல எடமிருக்குதுங்க. எங்க பழைய டிவிய வெச்சு அந்த மூடுன மில்லுல என்னமோ பண்றாங்களாமா. பொண்ணுதான் கொண்டுபோய்க் குடுத்திருக்குறா."

அவர்கள் பெண் அந்த நிகழ்ச்சிக்கு உதவியாகச் சேர்ந்திருந்தாள். அந்த டிவி உங்கள் அத்தைக்குத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்று ஒரு பயம். ஏறிவிட்டேன். வழி முழுக்க ஐயா, அந்த ஓட்டை டிவியை யார் போய்ப் பார்ப்பார்கள் என்று தெலுங்கில் கேலி செய்துகொண்டே வந்தார். நான் பின் சீட்டில் ஒன்றும் புரியாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

மூடிப்போன ஒரு மில்லின் பஞ்சுக் குடோன் அது. தகரக் கூரை, மத்தியான வெயில். நடுவில் அத்தை நின்றிருந்தாள். பாட்டியின் சாம்பல் நிறச் சேலை, நான்தான் கூரியரில் அனுப்பியது. இரண்டு கைகளையும் நீட்டி, அதில் பெரிய எவர்சில்வர் தட்டு, தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் ஸ்டூல் மேல் அந்த டிவி அலறிக்கொண்டிருந்தது. ஏதோ நகைக்கடை விளம்பரம். சுற்றிலும் நாற்காலிகள். வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், நான் அவர்களுக்குப் பின்னால்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "ஏனுங்கம்மிணி, சோறுங்க வாங்க" என்றார் ஒருவர். அத்தை அசையவில்லை. மலையாளத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். கல்லூரிப் பையன்கள் இங்கிலீஷில், இந்தியில். "பிரியாணின்னு சொல்லுடா, ஓடி வந்துரும்" என்று பின்னால் ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் உதட்டோரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்து போனது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நீட்டிய கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? தட்டின் விளிம்பிலிருந்து சோறு சிந்தியது. காலைச் சுற்றித் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பருக்கை. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவள் அந்த நிலையிலும் நினைத்திருக்கிறாள்.

வீட்டுக்கார அம்மா ஐயாவிடம் குனிந்து தெலுங்கில் சொன்னார்: "நம்ம மாடி ஊட்டு டிவி மாதிரியே கத்துது பாருங்க."

ஐயா சிரித்தார். அவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அத்தையின் தோள் குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. "பாவங்க, யாராச்சும் கூப்பிடுங்க" என்றது ஒரு குரல். அப்போது அவர்கள் பெண் ஓடிவந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள், தெலுங்கில் கூப்பிட்டுப் பார் என்று இருக்கும். வீட்டுக்கார அம்மா எழுந்தார். நல்ல மனசோடுதான் எழுந்தார், அதையும் எழுத வேண்டும். தன் தெலுங்கில், தன் பெண்ணைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"அன்னம் தினு, ராம்மா." சோறு சாப்பிடு, வாம்மா என்று.

அத்தையின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. பாஷை அவள் பாஷைதானே. ஒரு கணம் உட்கார்ந்துவிடுவாள் என்றே நினைத்தேன். உட்கார்ந்துவிட்டால் நல்லது, வீடும் தப்பும், அவள் கையும் தப்பும் என்று நினைத்தேன். அவள் அந்த அம்மாவைப் பார்த்து மெதுவாக, மரியாதையாக, இல்லை என்று தலையாட்டினாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பவும் நிமிர்த்திக்கொண்டாள்.

"தெலுங்கும் இல்லையாமா" என்று அந்த அம்மா உட்கார்ந்தார்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம், அம்மா, மாடி, கொய்யா மரம் எல்லாம் மனசில் வந்ததா என்றால் வந்தது. வந்தும் எழுந்துவிட்டேன். டிவி அலறிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. நம் பேச்சை நான் வீட்டுக்கு வெளியே கத்தியது அதுதான் முதல் தடவை.

"பாப்பா! கூடு தின ராவே!"

சோறு திங்க வாடி என்று. அவர்கள் வீட்டில் அன்னம், நம் வீட்டில் கூடு. பாட்டி தெருமுனையில் நின்று இழுத்துக் கூப்பிடுவாளே, அதே இழுப்பு. தொண்டைக்குள் அது அப்படியே இருந்திருக்கிறது.

அத்தை தட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையால் டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். குடோன் முழுக்க அமைதி. அந்த அமைதியில் பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இரண்டு தலைகள் மெல்லத் திரும்பின. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எதையோ கூட்டிக் கணக்குப் போடுகிறவர் மாதிரிப் பார்த்தார்.

குழாயடியில் அத்தை கை கழுவினாள். விரலை மடக்க முடியவில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன்.

"முன்னாடி இருந்தவங்கதான் ஊட்டுக்காரங்களா?"

"ஆமா."

"போச்சா?"

"போகும்."

"நான் வேணும்னா வந்து…"

"நீ வந்து என்ன பண்ணுவ, அங்கயும் நிப்பியா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் நடுவில் அழுதுவிட்டாள். காரில் நான் திரும்பவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐயாவும் வீட்டுக்கார அம்மாவும் மாடி ஏறி வந்தார்கள். நீங்கள் டியூஷனில் இருந்தீர்கள். உங்கள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, குடிக்கவும் இல்லை. ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அந்த அம்மாதான், தமிழில்.

"ஏனுங்க தம்பி, அப்ப நாங்க இத்தனை நாளா பேசுனதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்கம்மா."

"எல்லாமேங்களா?"

"எல்லாமேங்க."

அவர் முகம் கறுத்துப்போனது. என்னென்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்திருப்பார். நம்மைப் பற்றி மட்டுமா, அவர்கள் வீட்டுச் சண்டை, பெண்ணின் விஷயம் எல்லாம் அந்தப் புழக்கடையில்தானே பேசினார்கள்.

"அன்னிக்கு இவருக்கு நெஞ்சு வலி வந்தப்ப, மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

"காதுல விழுந்துச்சுங்க."

பிறகு ஐயா தொண்டையைச் செருமினார். "பொண்ணுக்குக் கல்யாணம் பேசறமுங்க தம்பி. மாடி வேண்டியிருக்குமுங்க. அவசரமில்லீங்க, நல்ல எடமாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"சரிங்கய்யா."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை தடித்து வரவில்லை. இறங்கும்போது அந்த அம்மா படியில் நின்று திரும்பினார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். எந்த பாஷையில் சொல்வது என்று தெரியாதவர்போல் நின்றுவிட்டு இறங்கிப் போனார். சாதிக்காகத்தான் காலி செய்யச் சொன்னார்களா, இல்லை தங்களை முழுக்க அறிந்தவன் தலைக்கு மேலேயே குடியிருப்பதைத் தாங்க முடியாமலா? இரண்டும்தான் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். நான் அறிந்தது ஒன்றுதான்: நாம் காலி செய்யும் வரைக்கும் சாயங்காலமானால் கீழே அவர்கள் வீட்டு டிவி சத்தமாக ஓடியது. அதற்கு முன் அப்படி ஓடியதில்லை.

போத்தனூரில் இப்போதைய வீட்டுக்கார பாய் முதல் நாளே கேட்டார், நீங்கள் அப்போது வாசலில் இருந்தீர்கள்.

"ஊட்ல என்ன பாஷை தம்பி?"

வழக்கம்போல முதலில் சிரிக்கப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "தெலுங்குங்க பாய்."

"எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்குக் காது மந்தம்."

துடியலூரை விட்ட அன்று, சாமான் எல்லாம் வண்டி ஏறியபின் நீங்களும் அம்மாவும் முன்னால் போய்விட்டீர்கள். சாவி கொடுக்க நான் மட்டும் பின்தங்கினேன். காலி வீட்டில் ஒருமுறை சுற்றிவந்தேன். சமையலறை ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். நாம் குடிவந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னல். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அலமாரி மூலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று அடியில் கொஞ்சம் எண்ணெயோடு விட்டுப்போயிருந்தது. கொக்கியில் இரண்டு சொட்டு விட்டு, காத்திருந்து, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினேன். விரல் நுனி கிழிந்தது. கதவு இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து சுவரில் போய்ச் சாய்ந்தன. புழக்கடையில் யாரும் இல்லை. கொடியில் அந்த அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் காற்றில் திரும்பச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் இருந்த கம்பியை இழுத்து மாட்டினேன். அதை அப்படியே விட்டுவிட்டு வாசல் கதவை மட்டும் பூட்டினேன்.